குயில்ட் ஓரத்தில் ஊசி பார்க்காத பக்கம்

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி: குயில்ட் என்பது இந்த மூன்றும் சேர்ந்ததுதான். உடல் முழுக்கத் தைத்து முடித்த பிறகும் நான்கு ஓரங்களும் பிசிறோடு திறந்தே கிடக்கும். அதை மூடும் துணிப்பட்டிதான் பைண்டிங். ஒரு பக்கத்தை மிஷினிலும் மறுபக்கத்தைக் கையாலும் தைப்பது பலருடைய வழக்கம். அடிக்கடி துவைக்கப்போகும் குயில்ட் என்றால் இரண்டையும் மிஷினிலேயே தைப்பது மேல். ஒரே சிக்கல், கடைசித் தையலின்போது நம் கண்ணுக்கு மேல்பக்கம் மட்டும்தான் தெரியும். அடியில் நூல் எங்கே விழும் என்பதை முன்பே கணக்குப் போட்டு வைக்க வேண்டும்.

2.5 இஞ்ச் அகலப் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டால் 1.25 இஞ்ச். அதன் பிசிறு விளிம்பை குயில்ட்டின் பின்பக்க ஓரத்தோடு பொருத்தி, கால் இஞ்ச் உள்ளே தள்ளித் தைக்கிறோம். மிச்சம் 1 இஞ்ச். அதில் கால் இஞ்ச், ஓரம் வரை வருவதற்கே போய்விடும். குயில்ட்டின் கனம் கொஞ்சம் விழுங்கும். மீதி முன்பக்கம் திரும்பி விழும். அங்கே முதல் தையலின் பாபின் நூல் (மிஷினின் அடிநூல்) கோடாகத் தெரியும். பட்டியின் மடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டி உட்கார வேண்டும். பிறகு மடிப்பின் விளிம்பை ஒட்டித் தைத்தால், பின்பக்கத்தில் நூல் பட்டியின் மேல் ஏறாமல், அதற்குச் சற்று உள்ளே அடித்துணியில் விழும். அதனால் மேல்நூல் பட்டியின் நிறத்திலும் பாபின் நூல் அடித்துணியின் நிறத்திலும் இருந்தால் இரண்டு பக்கமும் சுத்தமாகத் தெரியும். மடிப்பு ரொம்பத் தாண்டினால் பின்பக்கக் கோடு பட்டியை விட்டு விலகி ஓடும். பஞ்சு மெல்லியதாக இருந்தால் இப்படி ஆகும், அப்போது 2.25 இஞ்ச் பட்டி போதும்.

கணக்கு சரியாக இருந்தும் பட்டி சுருங்கி முறுக்கிக்கொள்வதுண்டு. அது மிஷின் துணியை நகர்த்தும் விதத்தால் வருவது. ஊசிக்குக் கீழே உள்ள பற்கள் மேலெழுந்து, துணியைப் பின்னால் தள்ளி, கீழிறங்கி, பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. இந்த நான்கு அசைவு ஏற்பாட்டுக்கு ஆலன் வில்சன் 1854இல் காப்புரிமை பெற்றார். இந்தப் பற்கள் பிடிப்பது அடித்துணியை மட்டுமே. மேலே அழுத்தும் பாதமோ வழுக்கியபடி உராய்ந்து மேல்துணியைத் தடுக்கிறது. ஒவ்வொரு தையலிலும் மேலடுக்கு மயிரிழை பின்தங்கும். மெல்லிய துணியில் அது தெரியாது. பைண்டிங்கில் இரண்டு மடிப்புப் பட்டி, மூன்றடுக்கு குயில்ட், அதோடு அமுங்கி நழுவும் பஞ்சு; நீளமான ஓரம் முடிவதற்குள் பின்னடைவு சேர்ந்து சுருக்கமாகிவிடும். வாக்கிங் ஃபுட் என்ற பாதத்தில் மேலேயும் பற்கள் உண்டு. அவை கீழ்ப்பற்களோடு ஒரே தாளத்தில் துணியை நகர்த்தும். பைண்டிங்குக்கு இதை வாங்குவது வீண்செலவு இல்லை என்பேன். தையல் நீளத்தையும் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் மூலை. முனைக்குக் கால் இஞ்ச் முன்பே தையலை நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் புள்ளி இரண்டு ஓரங்களிலிருந்தும் சம தூரத்தில், மூலையை 45 பாகையில் பிளக்கும் கோட்டின் மேல் இருக்கிறது. அங்கிருந்து பட்டியை அடுத்த ஓரத்துக்கு நேராக வெளிப்பக்கம் மடித்து, மறுபடி அந்த ஓரத்தின் மேலேயே படியவிட்டால், நடுவில் ஒரு முக்கோண மடிப்பு சேமிப்பாகத் தங்கும். பட்டியை முன்பக்கம் திருப்பும்போது மூலையைச் சுற்றத் தேவைப்படும் கூடுதல் துணி அங்கிருந்துதான் வரும். ஒரு தையல் தாண்டித் தைத்தாலும் அந்தச் சேமிப்பு பூட்டிக்கொள்ளும், மூலை மொண்ணையாகும்.

நேரான ஓரத்துக்கு நேராக வெட்டிய பட்டியே போதும். வளைந்த ஓரத்துக்கு மட்டும் கிராஸாக, அதாவது நெசவுக்குச் சாய்வாக வெட்டியது கட்டாயம்: பாவும் ஊடையும் சாய்ந்து நிற்பதால் நெசவின் சிறு சதுரங்கள் சாய்சதுரமாக நெகிழ்ந்து வளைவோடு போகும். பட்டிகளை ஒட்டுப்போடுவதும் சாய்வாகத்தான். நேராக ஒட்டினால் மடிப்புகளின் கனம் முழுக்க ஒரே இடத்தில் குவிந்து, பாதம் அதில் தட்டி நிற்கும்.