சைடு மிரரில் வீட்டுக் கண்ணாடியை வெட்டி ஒட்டாதீர்கள்

போன மாதம் பட்டறைக்கு ஒரு மாருதி 800 வந்தது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. பிரேக் போட்டால் சத்தம் வருகிறது என்றார். சரி, தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்து இடது மிரரைப் பார்த்தால், பாதியில் கதவு தெரிகிறது, மீதியில் பின்னாலிருக்கும் மதில் சுவரின் ஒரு துண்டு பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். என்ன சார் இது என்று கேட்டேன்.

“அது உடைஞ்சு ஆறு மாசம் ஆச்சு தம்பி. போட்டோ பிரேம் போடுற கடையில அளவு கொடுத்து வெட்டி வாங்கி நானே ஒட்டிட்டேன். எண்பது ரூபாயில வேலை முடிஞ்சுது.”

அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். பட்டறைப் பையனிடம் என் பைக்கைக் கொடுத்து, காருக்குப் பின்னாலிருந்து இடப்பக்கமாக மெதுவாகத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னேன். தெரியுது, தெரியுது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், பைக்கின் முன்சக்கரம் பின் பம்பரை எட்டுவதற்கு நான்கு அடி இருக்கும்போதே “காணோம்” என்றார். அப்புறம் என்னிடம் இருந்த ஒரிஜினல் மிரரை மாட்டி, மறுபடியும் தள்ளச் சொன்னேன். இந்த முறை பைக் பின்கதவை நெருங்கும் வரை அவர் கண்ணை விட்டு மறையவில்லை. கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. பேத்தியைத் தினமும் பள்ளியில் கொண்டுபோய் விடுவது இந்த வண்டியில்தான்.

விஷயம் வளைவில் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் கம்பெனி போடும் சைடு மிரர் வெளிப்பக்கம் லேசாக உப்பியிருக்கும், அதனால்தான் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் அகலமான சாலை அடங்குகிறது. வீட்டுக் கண்ணாடி தட்டை. முகம் பார்க்க நல்லது, சாலை பார்க்க உதவாது. கையில் இருப்பது எது என்று சந்தேகமா? ஒரு ஸ்டீல் ஸ்கேலை அதன் முகத்தில் நிமிர்த்தி வையுங்கள். நடுவில் தொட்டு, இரண்டு ஓரத்திலும் மெல்லிய வெளிச்சம் தெரிந்தால் வளைந்த கண்ணாடி. என்னைக் கேட்டால் விரிசல் விட்ட மிரரைவிட இந்தத் தட்டைக் கண்ணாடிதான் ஆபத்து, விரிசல் விட்டதை நாம் நம்பமாட்டோம், திரும்பிப் பார்ப்போம். பளபளவென்று முழுசாக இருப்பதை நம்பி வண்டியை ஒடித்துத் திருப்பிவிடுவோம்.

அதிலும் இடது பக்கம். அந்தக் காலத்தில் மாருதி 800 போன்ற வண்டிகளின் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இடது மிரரே வராது, தனியாக வாங்கித்தான் மாட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில் இன்றும் பலர் அதை ஓர் அலங்காரப் பொருளாகவே நினைக்கிறார்கள். நம் ஊர் சாலையில் காருக்கும் நடைபாதைக்கும் நடுவே இருக்கும் சந்தில் எத்தனை பைக் நுழைகிறது என்று ஒரு சிக்னலில் நின்று எண்ணிப் பாருங்கள்.

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனது. ஆக, கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயதுக்கு மேல். வெயிலில் காய்ந்த அதன் மிரர் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. மிரரைக் கழற்றப் போனால், கதவின் உள்பக்கம் மிரர் இருக்கும் மூலையில் ஒரு முக்கோண மூடி இருக்கும், அதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். வெந்நீரில் பிழிந்த துணியை இரண்டு நிமிடம் வைத்து, விரலால் மெதுவாக எடுங்கள். உள்ளே மிரரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் இருக்கும். கடைசி ஸ்க்ரூவைக் கழற்றும்போது மற்ற கை வெளியே மிரரைத் தாங்கியிருக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது ஆசைக்கு இறுக்காதீர்கள், அடிப்பாகம் வெடித்துவிடும்.

கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு நன்றாக இருந்து கண்ணாடி மட்டும் போயிருந்தால், அந்த மாடலுக்கான வளைந்த கண்ணாடி மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒட்டும் பசையில் ஒரு விஷயம்: சில சிலிக்கான் பசை திறந்ததும் வினிகர் வாசனை அடிக்கும், அதிலுள்ள அமிலம் பின்பக்க ரசத்தை அரித்து, நாளடைவில் கறுப்புக் கறுப்பாகத் திட்டு விழும். கண்ணாடிக்கென்று விற்கும் அமிலமில்லாத சிலிக்கான் கேட்டு வாங்குங்கள். சட்டென்று ஒட்டும் குப்பிப் பசையும் வேண்டாம். அது இறுகினால் வளைந்து கொடுக்காது, வண்டி அதிர அதிர விட்டுவிடும், கண்ணாடி ஓடும்போதே கழன்று விழும்.

கூடு உடைந்திருந்தால் அதன் உள்பக்கம் என்ன பிளாஸ்டிக் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஏபிஎஸ் (ABS) என்றால் இரண்டு குழாயைக் கலந்து ஒட்டும் எப்பாக்ஸி பசை பிடிக்கும். பிபி (PP) என்றால் சாதாரணப் பசை எதுவும் நிற்காது, சூடு காட்டித்தான் உருக்கி இணைக்க வேண்டும். மடக்கும் ஸ்பிரிங் தளர்ந்து மிரர் நடுங்குகிறது என்றால் அட்டையைச் செருகி ஓட்டாதீர்கள், ராத்திரியில் பின்னால் வரும் ஒரு பைக்கின் விளக்கு கலங்கிப்போய் எது எங்கே வருகிறது என்றே தெரியாது. மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையிலோ ஜிபி ரோட்டிலோ தேடலாம். பழைய மிரரைக் கொண்டுபோய் ஸ்க்ரூ ஓட்டைகளைப் பொருத்திப் பார்த்தே வாங்குங்கள், உள்ளிருந்து திருப்பும் லீவர் உள்ளதா இல்லாததா என்பதும் முக்கியம். இடது, வலது என்பது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு. கடையில் எதிரே நின்று சொல்லி மாற்றி வாங்கி வருகிறவர்கள் நிறைய.

மாட்டியதும் காரின் பக்கவாட்டு ஒரு மெல்லிய கோடாக மட்டும் தெரியும்படி திருப்பி வையுங்கள். இவ்வளவு நாள் தட்டைக் கண்ணாடியில் பழகியவர்கள் முதல் சில நாள் ஜாக்கிரதை: வளைந்ததில் வண்டிகள் சின்னதாக, தூரத்தில் இருப்பது போலத் தெரியும். உள்ளே நடுவிலிருக்கும் கண்ணாடி தட்டையானது, அதே வண்டியை அதிலும் ஒரு முறை பார்த்து தூரத்தை முடிவு செய்யுங்கள்.

அப்புறம், உடைந்த கண்ணாடியைப் பிரிக்கும் முன் மேலே குறுக்கும் நெடுக்குமாக அகல டேப் ஒட்டிவிட்டால் சில்லு சிதறாது, கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுகளை அப்படியே குப்பையில் போடாமல் செய்தித்தாளில் நாலைந்து சுற்று சுற்றி, கண்ணாடி என்று மேலே எழுதி, குப்பை வாங்க வருகிறவரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.