1385-இல் பிறந்த பையன்

இங்கிலாந்தில் தஞ்சம் கேட்டுத் தனியாக வரும் பிள்ளைகளுக்காக வழக்காடுவது என் வேலை. ஈரான், துருக்கி, பால்கன் காடுகள் என மாதக்கணக்கில் நடந்தும் லாரிகளில் ஒளிந்தும் பிரான்சின் கலே துறைமுகம் வரை வந்து, அங்கிருந்து ரப்பர் படகில் கடலைக் கடக்கிறார்கள். இத்தனையும் தாண்டிய பிள்ளை இங்கிலாந்துக் கரையில், டோவரில், ஒரு கேள்வியில் தடுக்கி விழுகிறான்: உன் பிறந்த தேதி என்ன?

ஆப்கான் கிராமங்களில் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆண்டு தெரிந்தாலும் அது அவர்கள் நாட்காட்டியின் ஆண்டு; மார்ச் 21 வாக்கில், நவ்ரோஸ் என்னும் புத்தாண்டு அன்று தொடங்குவது. என்னிடம் வந்த ஆப்கான் பையன் ஒருவன் 1385 என்று மட்டும் சொல்லியிருந்தான். யாரோ அதை ஆங்கில ஆண்டாக்க 621-ஐக் கூட்டி, நாள் தெரியாததால் 1 ஜனவரி 2006 என்று எழுதிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் வந்தவன் தாளில் 18 நிறைந்த பெரியவன் ஆகிவிட்டான்.

அப்புறம் அவன் அம்மாவிடம் போனில் பேசினோம். நவ்ரோஸுக்குப் பத்து நாள் முன்னால், வாசலில் பனி கிடந்தபோது பிறந்தான் என்றார். அப்படியானால் 1385-இன் கடைசி மாதம். அதாவது 2007 மார்ச். வந்து இறங்கிய அன்று அவனுக்கு 17 கூட நிறையவில்லை!

18-க்குக் கீழே என்றால் 1989-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி உள்ளூராட்சி மன்றம் பொறுப்பேற்கும். வளர்ப்புக் குடும்பம், பள்ளி எல்லாம் கிடைக்கும். பெரியவன் என்றால் ஹோட்டலில், முன்பின் தெரியாத ஆண்களோடு ஓர் அறை. இவன் ஐந்து வாரம் ஷூவைக் கழற்றாமல், சுவரில் சாய்ந்தபடியே தூங்கியிருக்கிறான். அதை அவன் சொன்ன விதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

வயதில் சந்தேகம் இருக்கும்போது தோற்றத்தை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது என்று 2003-இல் லண்டனின் மெர்ட்டன் உள்ளூராட்சி மன்றத்துக்கு எதிரான வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் வெயிலில் கறுத்து, தூக்கமில்லாமல், மீசை அரும்பிய முகம் முதல் பார்வையில் 20 வயதாகத்தான் தெரிகிறது.

இப்படி ஒரு பிள்ளையை நீங்கள் கோயிலிலோ கடையிலோ சந்திக்க நேர்ந்தால், எந்த நாட்காட்டியில், எந்தப் பருவத்தில் பிறந்தாய் என்று கேளுங்கள். அன்றே ஒரு வழக்கறிஞரிடம் சேர்த்துவிடுங்கள். வயது முடிவை எதிர்த்து நீதிமன்றம் போக அதிகபட்சம் 3 மாதம்தான் அவகாசம். அதிலும் தாமதிக்கக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் என்னிடம் வரும்போது அதில் பாதி போயிருக்கும்.