சார்பா, செயல்பாடா?

‘பின்வரும் செயல்பாட்டை மதிப்பீடு செய்க.’ இயற்கணிதத்தின் தொடக்கப் பாடங்களைத் தமிழில் தரும் காணொளிகளிலும் பயிற்சித் தாள்களிலும் இந்த வரியை அடிக்கடி பார்க்கிறேன். தனியாக எடுத்துப் படித்தால், ஓர் ஊழியரின் ஆண்டுப் பணியைப் பற்றிய குறிப்பு என்றுதான் தோன்றும். கீழே இருப்பதோ 3ம + 2. இதில் ம என்ற மாறிக்கு 4 என்று இட்டால் விடை 14. கேட்டது அவ்வளவுதான்.

இங்கே செயல்பாடு என்று வருவது ஆங்கில ஃபங்ஷன் (function). கணிதத்தில் அதற்குத் தமிழ்ச் சொல் சார்பு. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணித நூலில் ‘உறவுகளும் சார்புகளும்’ என்றே ஓர் இயல் இருக்கிறது. இலங்கைப் பிள்ளைகளும் இருபடிச் சார்பு என்றுதான் படிக்கிறார்கள். இரு நாட்டுப் பாடநூல்களும் ஒரே சொல்லில் வந்து நிற்கும் இடங்கள் குறைவு. அப்படி அமைந்த ஒன்றை ஏன் தள்ளிவைக்க வேண்டும்?

ஃபங்ஷன் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்குப் பொருள் ‘நிறைவேற்றுதல், பணியாற்றுதல்’. கணித அறிஞர் லைப்னிட்ஸ் 1673இல் வளைகோடு தொடர்பான அளவுகளைக் குறிக்க அதை எடுத்தாண்டார். 1718இல் யோஹான் பெர்னூலி, ஒரு மாறியும் மாறிலிகளும் சேர்ந்து எப்படியாவது அமையும் அளவு என்று வரையறை தந்தார். f(x) என்று அடைப்புக்குறி போட்டு எழுதும் முறை 1734இல் கணித அறிஞர் ஆய்லரிடமிருந்து வந்தது. அதே ஆய்லர் 1755இல் சொன்னதுதான் நமக்கு வேண்டியது: சில அளவுகள் மாறும்போது அவற்றைச் சார்ந்துள்ள வேறு அளவுகளும் மாறினால், பின்னவை முன்னவற்றின் ஃபங்ஷன்கள். சார்பு என்ற சொல் இந்தக் கருத்தின் நேரடித் தமிழ்.

செயல்பாடு என்று எழுதுபவர்கள் அகராதியின் முதல் பொருளைப் பிடித்துக்கொள்கிறார்கள். இதயத்தின் ஃபங்ஷன் என்றால் செயல்பாடு சரி. கணிதத்துக்கு வந்ததும் அந்தச் சொல்லின் பொருள் வேறாகிவிட்டது. மூலச் சொல்லின் வேரைத்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்ற கட்டாயம் எந்த மொழிக்கும் இல்லை. 1859இல் சீன மொழிக்கு இதைக் கொண்டுபோன லி ஷான்லான், ‘உள்ளடக்குதல்’ என்று பொருள்படும் எழுத்தைத் தேர்ந்தார். ஒரு மாறி இன்னொன்றை உள்ளடக்கியிருக்கிறது என்பது அவர் விளக்கம். இந்தியில் ஃபலன் என்கிறார்கள்; பலன், விளைவு என்ற வழியில் வந்த சொல். இருவருமே கருத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

செயல்பாட்டால் வரும் உண்மையான தொல்லை வகுப்பில்தான் தெரியும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலை நாம் ஏற்கெனவே செயல்கள், செயல்பாடுகள் என்றுதான் சொல்கிறோம். பாடநூலில் மாணவர் செய்து பார்க்கும் பயிற்சிக்கும் ‘செயல்பாடு’ என்றே தலைப்பு. மூன்றாவதாக இன்னொன்றையும் அதே சொல்லில் திணித்தால் என்ன ஆகும்? ‘இந்தச் செயல்பாட்டில் உள்ள செயல்பாடுகள் யாவை’ என்று கேள்வி வரும். 3ம + 2இல் உள்ள பெருக்கலையும் கூட்டலையும் கேட்கிறார்களா, வேறு எதையாவதா என்று பிள்ளை திணறும்.

இன்னொரு இழப்பும் உண்டு. சாரா மாறி, சார்ந்த மாறி, சார்பு: மூன்றும் ஒரே வேர். ஒரு தொட்டியில் 5 லிட்டர் தண்ணீர் இருக்கிறது, நிமிடத்துக்கு 3 லிட்டர் வீதம் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ந நிமிடங்களுக்குப் பின் உள்ள அளவு த(ந) = 3ந + 5. நேரம் தன்பாட்டில் ஓடுகிறது, அது சாரா மாறி. தண்ணீர் நேரத்தைச் சார்ந்தது. ஆகவே தண்ணீரின் அளவு நேரத்தின் சார்பு. விளக்கம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘நேரத்தின் செயல்பாடு’ என்று சொல்லிப் பாருங்கள், நேரம் ஏதோ வேலை செய்வதாக ஆகிவிடும்.

த(ந) என்பதைத் த பெருக்கல் ந என்று படிப்பது தொடக்க நிலையில் எல்லாரும் செய்யும் தவறு. ‘ந-வைச் சார்ந்த த’ என்று வாய்விட்டுச் சொல்லப் பழகினால் அது பெரும்பாலும் நின்றுவிடும். த(ந + 1)க்கும் இதே கதைதான். பலர் 3ந + 5உடன் 1ஐக் கூட்டி 3ந + 6 என்று எழுதுவார்கள். ந இருந்த இடத்தில் (ந + 1) முழுவதும் போக வேண்டும்: 3(ந + 1) + 5, அதாவது 3ந + 8.

சார்பு கட்சி சார்பை, பக்கச் சார்பை நினைவூட்டுகிறது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். தமிழில் இந்தச் சொல்லின் பழைய இடம் இலக்கணம். தொல்காப்பியம் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றையும் சார்ந்து வரும் எழுத்துகள் என்கிறது. தானே நிற்காமல் இன்னொன்றைச் சார்ந்து வருவது என்ற பொருள் நமக்குப் புதிதல்ல. சார்பியல் என்று இயற்பியலில் சொல்லும்போது யாரும் கட்சியை நினைப்பதில்லையே.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ச(ம) = 7 என்ற மாறிலிச் சார்பில் ம எதுவானாலும் விடை 7தான்; பிறகு எது எதைச் சார்ந்தது? கேள்வி நியாயமானது. இன்றைய வரையறை சார்ந்திருப்பதைப் பேசுவதில்லை. மதிப்பகத்தின், அதாவது மாறிக்கு இடக்கூடிய மதிப்புகளின் தொகுப்பின், ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே ஒரு நிழல் உரு, அதாவது ஒரே ஒரு விடை, இருந்தால் போதும். ஆனால் செயல்பாடு என்ற பெயரும் இந்த இடத்தில் எதையும் விளக்கவில்லை. பெயர் கருத்தின் வாசலில் கொண்டுபோய் விடும். மீதியை வரையறைதான் சொல்ல வேண்டும்.

சார்பலன் என்ற வடிவமும் அங்கங்கே உண்டு. சார்பும் பலனும் சேர்ந்தது. பலன் வடசொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. பலன் என்றதும் மனம் விடைக்குப் போய்விடுகிறது. முதலில் பார்த்த 3ம + 2ஐ ச(ம) என்று எழுதினால் ச(4) = 14. இதில் 14 சார்பின் மதிப்பு; சார்பு என்பது ச. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தானே பாடமே நடக்கிறது?

‘மதிப்பீடு செய்க’ என்பதையும் விட்டுவிடலாம். மதிப்பீடு என்றால் உத்தேசக் கணக்கு, தர நிர்ணயம். மேல் வகுப்பு நூல்களில் ‘மதிப்பிடுக’ நிலைத்துவிட்டது, சரி, இருக்கட்டும். தொடக்க நிலையில் ‘மதிப்புக் காண்க’ என்றால் எந்தக் குழப்பமும் இல்லை. எந்திர மொழிபெயர்ப்பு கொடுத்ததை அப்படியே ஒட்டுகிறவர்கள், அந்தப் பாடத்தின் தமிழ் நூலில் ஒரு பக்கத்தையாவது புரட்டிப் பார்க்க வேண்டாமா? படிக்கிற பிள்ளை நூலில் ஒரு சொல்லையும் திரையில் வேறொரு சொல்லையும் பார்த்து, இரண்டும் இரண்டு பாடம் என்று நினைத்துக்கொள்கிறது.

கணினி நிரல் வேறு விஷயம். அங்கே ஃபங்ஷன் எந்த மதிப்பையும் திருப்பித் தராமல், திரையில் ஒரு வரியை அச்சிட்டுவிட்டு முடிந்துவிடலாம். உண்மையிலேயே ஒரு வேலையைச் செய்கிறது. கணினி அறிவியல் நூல்கள் செயற்கூறு என்பது அதற்குப் பொருத்தம். அந்தச் சொல்லை அங்கேயே வைத்துக்கொண்டு, இயற்கணிதத்தில் சார்பு என்றே எழுதலாம்.