கணவாய் இறக்கத்தில் சைக்கிளுக்கும் உடம்புக்கும் என்ன நடக்கிறது

உயர்ந்த மலைச்சாலையில் சைக்கிள் பயணம் என்றதும் எல்லாரும் ஏற்றத்தை நினைத்துத்தான் மலைக்கிறார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், தொடை கடுக்கும். ஆனால் முடியாதபோது இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம். இறக்கத்தில் ஒரு கோளாறு வந்தால் யோசிக்கச் சில நொடிகள்கூடக் கிடைக்காது.

ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிள் 15, பைகளில் சுமை 20, ஆக 110 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இத்தனை எடை 1,000 மீட்டர் கீழே இறங்கும்போது சுமார் 1,080 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. 3 லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அந்த ஆற்றலைக் காற்றுத் தடையும் டயரின் உருளல் தடையும் வாங்கிக்கொண்டது போக மிச்சமெல்லாம் பிரேக்கில்தான் வெப்பமாக இறங்கும். சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க் ஒன்றின் எடையோ 100 முதல் 150 கிராம்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. 8 விழுக்காடு சரிவில், 4,500 மீட்டர் உயரத்தில், இதே சுமையோடு மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் இறங்கினால் இரண்டு பிரேக்குக்கும் சேர்த்து 300 வாட் அளவு வெப்பம் போகும். 35 முதல் 40 கி.மீ. வேகத்தில் அது 550 வாட்டைத் தொடும். 60-இல் மறுபடி 250-க்கு அருகே இறங்கிவிடும். வேகம் கூடக்கூடக் காற்றே பெரும்பகுதியைத் தடுத்துக்கொள்வதுதான் காரணம். ஆக, ‘மிதமான வேகம்’ என்று நம்பி பிரேக் லிவரை விடாமல் பிடித்துக்கொண்டே வருவதுதான் பிரேக்கை அதிகம் வாட்டுகிறது. உயரத்தில் இன்னொரு சங்கடமும் சேர்கிறது. 4,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. காற்று தடுப்பதும் குறைவு, பிரேக்கைக் குளிர்விப்பதும் குறைவு.

அதனால் சாலை நேராக, கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை சுத்தமாக இருக்கும் இடத்தில் சைக்கிளை ஓட விடுங்கள். வளைவுக்கு முன்பே, நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். குறைந்ததும் முழுக்க விட்டுவிடுங்கள். சரளையும் லாரியும் நிறைந்த சாலையில் இது நடக்காது. அங்கே 15-க்குக் கீழே ஊர்ந்து, அடிக்கடி நின்று ஆறவிடுவதுதான் வழி. சூட்டை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் வெந்துவிடும். பாட்டிலிலிருந்து ஒரே ஒரு துளி தண்ணீரை டிஸ்க்கில் விடுங்கள். துளி சீறி மறைந்தால் இன்னும் ஆறவில்லை என்று பொருள்.

ஆறவிடாமல் போனால் என்ன ஆகும் என்பது பிரேக்கின் வகையைப் பொறுத்தது. திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில், சூடு டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பர் வழியாகத் திரவத்துக்குப் போகிறது. புதிய டாட் 4 (DOT 4) வகை பிரேக் திரவம் 230 டிகிரி வரை கொதிக்காது. அது ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது, உறிஞ்சிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும். குமிழி அழுந்தும், திரவம் அழுந்தாது. அதனால் லிவர் பஞ்சு மாதிரி ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும், பிரேக் பிடிக்காது. நீண்ட பயணத்துக்கு முன் திரவத்தை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேட் ரெசினால் (பிசினால்) ஆனது என்றால், அதிகம் சுட்டதும் கண்ணாடிபோல் பளபளப்பேறி வழுக்கும். சுமையோடு இறங்க உலோகப் பேட் தாங்கும். பேடில் உராய்வுப் பொருள் 1 மி.மீ. வரை தேய்ந்துவிட்டால் கணவாய்க்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

சக்கரத்தின் விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக்கில் சூடு டியூபுக்குப் போகிறது. 20 டிகிரியில் இருந்த காற்று 80 டிகிரி ஆனால் உள்ளழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். டயர் ரிம்மை விட்டுக் கழன்று வெடிக்கலாம், டியூபில் போட்ட பழைய பஞ்சர் ஒட்டின் பசையும் இளகும்.

பிரேக் நன்றாக இருந்தும் கை வேலை செய்யாமல் போவதுண்டு. ஏறும்போது நனைந்த சட்டையோடு அப்படியே இறங்குகிறார்கள். வெப்பநிலை 0 டிகிரி என்றால், 40 கி.மீ. வேகத்தில் முகத்துக்கும் விரலுக்கும் அது மைனஸ் 7 போலத் தெரியும். மரத்த விரலுக்கு லிவரின் அழுத்தம் புரியாது. கணவாய் உச்சியில் படம் எடுப்பதற்கு முன் உள்சட்டையை மாற்றுங்கள், காற்றுப்புகா மேலங்கியும் முழுக் கையுறையும் போடுங்கள்.

உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் உயர நோய்க்கும் இறக்கத்துக்கும் உள்ள தொடர்பைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. லடாக்கின் தங்லங் லா 5,300 மீட்டரைத் தாண்டுகிறது, தஜிகிஸ்தானில் பாமிர் நெடுஞ்சாலையின் அக்-பைதால் கணவாய் 4,655 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் அதற்கு மேலே ஏறி, இரவு கீழே வந்து தூங்கலாம். தலைவலியோடு குமட்டலும் வந்தால் அன்று மேலே போகக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். நோயுற்றவரை, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் பெருவிரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். இரண்டுக்கும் உடனே கீழே இறங்குவதுதான் முதல் சிகிச்சை, ஆக்ஸிஜன் இருந்தால் கொடுத்துக்கொண்டே இறக்க வேண்டும். ஆனால் நேர்கோட்டில் நடக்க முடியாதவர் இரண்டு சக்கரத்தில் இறங்க முடியாது. சைக்கிளைச் சாலையோரம் போட்டுவிட்டு, வருகிற லாரியையோ ஜீப்பையோ நிறுத்தி, அவரோடு ஒருவர் ஏறிக்கொண்டு, குறைந்தது 1,000 மீட்டராவது கீழே கொண்டுபோங்கள்.