திதிக்கு இரண்டு நாழிகை

பூரணை விடுமுறையான போயா நாள் மாலைகளில் திருகோணமலைக் கடற்கரைகளில் கூட்டம் சேர்வதற்கு ஒரு வானியல் காரணமும் உண்டு. டச்சு விரிகுடா, உப்புவெளி, நிலாவெளி எல்லாமே கிழக்கே திறந்த கடலைப் பார்ப்பவை. பூரணையன்று சூரியன் நமக்குப் பின்னால் நிலத்தில் இறங்கும் வேளையில், நிலவு முன்னால் கடலிலிருந்து ஏறுகிறது. இது தற்செயல் அல்ல. பூமிக்கு ஒரு புறம் சூரியனும் மறுபுறம் நிலவும் நிற்பதைத்தான் பூரணை என்கிறோம். ஒன்று மறைந்தால் மற்றது எழுந்தே ஆகவேண்டும்.

பிறைக்குக் காரணம் பூமியின் நிழல் என்று நம்புகிறவர்கள் இன்றும் நிறையப் பேர். பூமியின் நிழல் நிலவில் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. நிலவின் ஒரு பாதி எப்போதும் வெயிலில்தான் இருக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே பிறை. மாலை வெயிலில் ஒரு தேசிக்காயை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றிப் பாருங்கள். சூரியன் பக்கம் நீட்டினால் இருண்ட பாதி உங்களைப் பார்க்கும். பக்கவாட்டில் பிடித்தால் அரைவட்டம் ஒளிரும். சூரியனுக்கு முதுகு காட்டி, தலைநிழல் படாமல் சற்று உயர்த்திப் பிடித்தால் முழுக்காயும் வெளிச்சம்.

ஆக, பிறையின் வடிவத்தை முடிவுசெய்வது சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே நாம் காணும் கோணம். நிலவு எத்தனை மணிக்கு எழும் என்பதையும் அதே கோணம்தான் முடிவுசெய்கிறது. பள்ளிப் பாடங்கள் இவ்விரண்டையும் தனித்தனியே சொல்லிக்கொடுப்பதால் பலருக்கு இது பிடிபடுவதில்லை. நம் பஞ்சாங்கமோ இதைச் சேர்த்தே வைத்திருக்கிறது. சூரியனைவிட்டு நிலவு 12 பாகை விலகினால் ஒரு திதி. முழுச் சுற்றான 360 பாகைக்கு 30 திதிகள். ஒரு நாளுக்கு 60 நாழிகை. எனவே திதி ஒன்றுக்கு நிலவு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் பிந்துகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூரியன் காலை 6 மணிக்கு உதிப்பதாகக் கொள்வோம். வளர்பிறை அட்டமி முடியும்போது எட்டுத் திதிகள் கடந்திருக்கும். பதினாறு நாழிகை பிந்தி, பகல் 12:24 அளவில் நிலவு எழும். பூரணையின் முடிவில் முப்பது நாழிகை, மாலை 6 மணி. தேய்பிறை பஞ்சமி முடியும்போது திதி எண்ணிக்கை இருபது, நாற்பது நாழிகை. இரவு 10 மணி. இதனோடு ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம் கூட்டினால் மறையும் நேரம். நிலவின் பாதை சாய்வானது, அதன் வேகமும் சீரானதல்ல என்பதால் அரைமணி, சில நாட்களில் அதற்கும் சற்றுக் கூடுதலாக முன்பின் ஆகலாம். திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில்தான் இருக்கிறது. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வித்தியாசம்தான். அதனால்தான் இந்த மனக்கணக்கு இங்கே இவ்வளவு நன்றாக ஒத்துவருகிறது. இலண்டனில் இதை நம்ப முடியாது. அங்கே செப்டம்பர் பூரணையை ஒட்டி நிலவு நாளுக்கு இருபது நிமிடம் அளவே பிந்தும். வேறு நாட்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிந்தும்.

பாடநூல்கள் நாளுக்கு 50 நிமிடம் என்கின்றனவே, 48 எங்கிருந்து வந்தது? திதி சராசரியாக ஒரு முழு நாளைவிடச் சற்றுக் குறுகியது. அமாவாசைக்கு அமாவாசை 29.53 நாட்கள், அதற்குள் முப்பது திதிகள் முடிந்துவிடுகின்றன. எனவே நாளுக்கு ஏறத்தாழ 49 நிமிடம். அடுத்த எழுச்சிக்குள் நிலவு இன்னும் சற்று நகர்ந்துவிடுவதால் அது 50 ஆகிறது. இரண்டு எண்களும் சரியே.

வலை போடுகிறவர்களுக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. நிலவு வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகும் என்பதால் இருட்டு எந்த நேரத்தில் கிடைக்கும் என்று பார்த்தே கடலுக்குப் போகிறார்கள். வளர்பிறையில் நிலவு மறைந்த பின்னிரவு இருட்டு. தேய்பிறையில் முன்னிரவு இருட்டு. கிழக்குக் கரையில் வளர்பிறை எழுவதை யாரும் கவனிக்காததற்கும் காரணம் இதுவே: அது பகல் வெளிச்சத்தில் வெளிறிப்போய் ஏறுகிறது. கண்ணுக்கு அகப்படுவது மேற்கே அது மறைவதுதான். மூன்றாம் பிறையையும் மேற்கேதான் தேடவேண்டும். இங்கே சூரியன் ஏறத்தாழ நேராகக் கீழே இறங்குவதால், ஒளிபட்ட விளிம்பு சூரியனைப் பார்த்துக் கீழ்நோக்கி, பிறை மல்லாந்து கிடக்கிறது. மாதத்துக்கு மாதம் சாய்வு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். கோணேசர் சடையில் இருப்பது இந்தப் பிறைதான். ஐரோப்பியப் படப்புத்தகங்களில் நட்டுக்குத்தாக நிற்கும் பிறை அல்ல.

பூரணை என்பது ஒரு கணம், ஒரு நாள் அல்ல என்பதையும் கடற்கரையிலேயே சரிபார்க்கலாம். போயா மாலையில் சூரியன் மறையுமுன்பே நிலவு எழுந்துவிட்டால் அந்தக் கணம் பெரும்பாலும் இனித்தான் வரவிருக்கிறது. இருட்டத் தொடங்கிய பின் எழுந்தால் கடந்துவிட்டது. அடிவானத்தில் நிலவு பெரிதாகத் தெரிவது மனத்தின் ஏமாற்று. உச்சியில் இருக்கும்போதுதான் அது நமக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அருகில் இருக்கிறது. ஆனால் அது சிவப்பதும் சற்று நசுங்குவதும் உண்மை. தடித்த காற்றின் வேலை. அதே காற்று ஒளியை வளைப்பதால், நிலவின் அடிவிளிம்பு கடலைத் தொடும் கணத்தில் உண்மையான நிலவு முழுவதும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

எழும் இடமும் நகர்கிறது. பூரணை நிலவு சூரியனுக்கு எதிரே நிற்பதால் மார்கழியில் வடகிழக்கே எழும். ஆனியில் தென்கிழக்கே, உப்புவெளியிலிருந்து பார்த்தால் கோணேசர் மலைப் பக்கமாக. சூரியன் ஆறு மாதத்தில் கடக்கும் இந்த வீச்சை நிலவு இரண்டு வாரத்தில் கடந்துவிடுகிறது. அந்த வீச்சும் 18.6 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகிறது. 2025 அளவில் அது உச்சத்தில் இருந்தது. திருகோணமலைக் கடலின் விளிம்பில் ஏறத்தாழ 58 பாகை அகலம். 2034 அளவில் 37 பாகையாகச் சுருங்கும்.