கோள்: வானில் இடம் மாறும் மீன்களின் பெயர்

கோள் என்றால் உருண்டை என்று பல மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பூமி உருண்டை, செவ்வாய் உருண்டை, அப்படியானால் கோள் என்ற சொல்லுக்கும் அதுதான் பொருள் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. உருண்டையைக் குறிக்கும் சொல் கோளம். அது வடமொழியிலிருந்து வந்தது. கோள் வேறு சொல், தமிழ் வினையிலிருந்து பிறந்தது. இரண்டும் ஒலியில் நெருங்கி நிற்பதால் வந்த குழப்பம் இது.

'கொள்' என்ற வினையில் முதலெழுத்து நீண்டால் 'கோள்' கிடைக்கிறது. பெறு என்பது பேறு ஆவதும், கெடு என்பது கேடு ஆவதும், சுடு என்பது சூடு ஆவதும் இதே முறையில்தான். இலக்கண வகுப்பில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று படிக்கிறோமே, அது. கொள்ளுதல் என்றால் எடுத்தல், பற்றுதல், ஏற்றல். மேற்கோள், குறிக்கோள், வேண்டுகோள் எல்லாவற்றிலும் இருப்பது இந்தக் கோள்தான். 'கோளில் பொறியின் குணமிலவே' என்று திருக்குறளின் முதல் அதிகாரத்திலேயே வருகிறது. காட்சியைக் கொள்ளாத கண், ஒலியைக் கொள்ளாத காது, இவைதான் கோளில் பொறி. அங்கே கோள் என்பதற்கும் வானத்துக்கும் தொடர்பே இல்லை.

சரி, பற்றுவதைக் குறிக்கும் ஒரு சொல் வானில் தெரியும் ஒளிப்புள்ளிக்கு எப்படிப் பெயரானது? இதற்கும் திருக்குறளிலேயே ஒரு தடயம் இருக்கிறது. காதலனை ஒருநாள்தான் பார்த்தாள், அதற்குள் ஊர்ப்பேச்சு எங்கும் பரவிவிட்டது, 'திங்களைப் பாம்புகொண் டற்று' என்கிறது 1146-ஆம் குறள். சந்திர கிரகணத்தைப் பாம்பு நிலவைக் 'கொள்வதாக' அந்தக் காலத்து மக்கள் பேசினார்கள். வடமொழியிலும் இதே எண்ணம்தான். 'கிரஹ்' என்றால் பற்று. அதிலிருந்து கிரகணமும் வந்தது, கிரகமும் வந்தது. பற்றுகிறவை என்ற ஒரே கருத்தின்மேல் கோளும் கிரகமும் நிற்கின்றன. நிலவைப் பற்றும், மனிதர் வாழ்க்கையையும் பற்றும் என்ற நம்பிக்கை இரண்டிலும் ஒட்டியிருந்தது.

இன்று வேறொரு விளக்கமும் சொல்லப்படுகிறது: ஞாயிற்றின் ஒளியைத் தான் கொள்வதால் அது கோள். கோள்களுக்குச் சொந்த ஒளி இல்லை என்ற அறிவியல் உண்மையோடு இது நன்றாகப் பொருந்துகிறது. மாணவர்கள் மறக்காமல் இருக்க நல்ல வழி, நானும் இதைச் சொல்லிக்கொடுப்பதை வரவேற்கிறேன். ஆனால் சொல் பிறந்த கதையாக இதைச் சொல்லக்கூடாது. பழைய கணக்கில் ஞாயிறே ஒரு கோள். திருஞானசம்பந்தரின் கோளறு பதிகத்தில் கோள்களின் வரிசை 'ஞாயிறு திங்கள் செவ்வாய் புதன்' என்றுதான் தொடங்குகிறது. ஞாயிற்றின் ஒளியைக் கொள்வது கோள் என்றால் ஞாயிறு அந்த வரிசையில் வந்திருக்காது.

கிரேக்கர்கள் இதே வான்பொருள்களைப் 'பிளானெட்டெஸ்' என்று அழைத்தார்கள். அலைபவர் என்று பொருள். ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் பிளானெட் அதன் வழி வந்தது. அவர்கள் நகர்வைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். தமிழர்கள் நகர்வைக் கவனிக்கவில்லையா என்றால், மிக நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். அதற்குச் சான்று நாள்மீன், கோள்மீன் என்ற இணை.

நிலா வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 27 நாள் எட்டு மணி நேரம் ஆகிறது. அது ஒவ்வொரு நாளும் தங்குவதுபோல் தோன்றும் விண்மீன் கூட்டங்களுக்கு நாள்மீன் என்று பெயர். அசுவினி முதல் ரேவதி வரை 27. இவை ஒன்றுக்கொன்று இடம் மாறுவதில்லை. இவற்றுக்கு நடுவே இரவுக்கு இரவு கொஞ்சம் கொஞ்சமாக நகர்பவை கோள்மீன்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து ஆட்களைப் பாடுகிறார். சுட்ட இறாலும் அவித்த ஆமையும் தின்று, அடும்பும் ஆம்பலும் சூடி, சண்டை விளையாட்டுக்காக அகன்ற மன்றத்தில் பலரோடு கூடுகிறார்கள். அந்தக் காட்சிக்கு அவர் தரும் உவமை:

நீனிற விசும்பின் வலனேர்பு திரிதரும்
நாண்மீன் விராய கோண்மீன் போல

நீல வானில் வலமாக எழுந்து சுற்றும் நாள்மீன்களோடு கலந்த கோள்மீன்களைப் போல. (நாள், கோள் இரண்டும் மீனோடு சேரும்போது ளகரம் ணகரமாகிறது.) 'விராய' என்றால் கலந்த. எல்லாம் ஒரே கூட்டமாகத் தெரிந்தாலும் அதற்குள் இருவகை உண்டு என்பது கேட்கிற எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் இப்படி ஓர் உவமையைப் போகிற போக்கில் சொல்ல முடியும். கோள் என்றால் என்ன என்று ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க இதைவிடச் சுருக்கமான வரையறை எனக்குத் தெரிந்து இல்லை.

இதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், தொலைநோக்கி வேண்டாம். வியாழனோ செவ்வாயோ தெரியும் காலத்தில் பக்கத்திலுள்ள இரண்டு மூன்று விண்மீன்களோடு சேர்த்து அதன் இடத்தை நோட்டில் வரைந்துகொள்ள வேண்டும். சில வாரங்கள் கழித்து அதே பகுதியை மறுபடி வரைந்தால் விண்மீன்கள் அப்படியே இருக்கும், கோள் மட்டும் தள்ளிப்போயிருக்கும். இன்னொரு வேறுபாடும் தெரியும். விண்மீன்கள் மினுக்கும், கோள்கள் பெரும்பாலும் மினுக்காது. மிகத் தொலைவிலுள்ள விண்மீன் நம் கண்ணுக்கு வெறும் புள்ளி; காற்றின் அசைவில் அந்த ஒற்றைப் புள்ளியின் ஒளி கூடிக் குறைகிறது. கோள் அருகில் இருப்பதால் அது சின்னஞ்சிறு வட்டு. வட்டின் ஒரு பக்கம் மங்கும்போது இன்னொரு பக்கம் ஈடுசெய்துவிடுகிறது.

கோள்களின் தமிழ்ப் பெயர்களும் பார்த்து வைத்தவைதான். வெள்ளியை வெண்மீன் என்று பட்டினப்பாலை தன் முதல் அடியிலேயே சொல்கிறது. சிவந்தது செவ்வாய். கருமை தோன்ற மங்கலாகத் தெரியும் சனியை மைம்மீன் என்று புறநானூற்றில் கபிலர் பாடுகிறார். புதனும் சனியும் வடமொழிப் பெயர்கள். அறிவன், காரி என்று தமிழ்ப் பெயர்கள் உண்டு. கிழமைகளில் ஊறிப்போன புதனையும் சனியையும் மாற்ற வேண்டிய தேவை இல்லை என்றே நினைக்கிறேன், ஆனால் மற்ற இரண்டு பெயர்களையும் மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிறுபாணாற்றுப்படையில் 'கோண்மீன் சூழ்ந்த இளங்கதிர் ஞாயிறு' என்று ஒரு தொடர் இருக்கிறது. இதைக் காட்டி, கோள்கள் ஞாயிற்றைச் சுற்றுவதைச் சங்கத் தமிழர்கள் கோப்பர்நிக்கசுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. முழு அடியையும் படித்தால், நல்லியக்கோடன் பாணருக்கு உணவு பரிமாறும் பொற்கலத்தை நல்லூர் நத்தத்தனார் பாடுகிறார் என்பது தெரியும். ஞாயிறு போல் ஒளிரும் பொன்தட்டு, அதைச் சூழ்ந்த சிறு கிண்ணங்கள். அழகான உவமை. அதை வானியல் கொள்கையாக மாற்றினால் கவிதைக்கும் நியாயம் செய்யவில்லை, வானியலுக்கும் நியாயம் செய்யவில்லை. சங்கப் புலவர்களின் கூர்மையான கண் உண்மையிலேயே பெருமைப்படத்தக்கது. அதற்கு மேல் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கோள்களின் வேகம் நம் நாட்காட்டியிலும் திருவிழாவிலும் கலந்திருக்கிறது. வியாழன் ஞாயிற்றைச் சுற்றிவர 12 ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. கும்பகோணத்து மகாமகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை வருவது வியாழன் சிம்மத்துக்குத் திரும்பி வரும் கணக்கில்தான். சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டு. பன்னிரண்டு ராசிகளுக்குப் பங்கிட்டால் ஒரு ராசிக்குச் சுமார் இரண்டரை ஆண்டு வரும். சனிப்பெயர்ச்சி என்று வீட்டில் பேசுவதைக் கேட்கும் பிள்ளையிடம் இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுக் காட்டலாம். பலன் சொல்வது வேறு, கணக்கு உண்மை.

ஆக, கோள் என்ற சொல்லுக்குள் முதலில் இருந்தவை ஏழு: ஞாயிறு, திங்கள், கண்ணுக்குத் தெரியும் ஐந்து. ராகு, கேது என்ற இரண்டு பாம்புகளையும் சேர்த்து ஒன்பது. 1543-இல் கோப்பர்நிக்கசின் நூல் வந்த பிறகு மெல்ல மெல்ல வரிசை மாறியது. ஞாயிறு வெளியேறி விண்மீனானது, நிலா துணைக்கோளானது, நாம் நிற்கும் பூமி கோளாக உள்ளே வந்தது. 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனசைக் கண்டார். முதலில் வால்வெள்ளி என்றே நினைத்தார். 1846-இல் லெவெரியே கணக்குப் போட்டுச் சொன்ன இடத்துக்கு அருகிலேயே பெர்லினில் காலே நெப்டியூனைக் கண்டார். 1930-இல் புளூட்டோ சேர்ந்தது. 2005-இல் ஏறத்தாழ அதே அளவுள்ள ஏரிஸ் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டதும், எதைக் கோள் என்பது என்ற கேள்வி தவிர்க்க முடியாததாகிவிட்டது. 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகு நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் மூன்று நிபந்தனைகள் வைத்தது. ஞாயிற்றைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பாலேயே ஏறக்குறைய உருண்டையாகும் அளவுக்கு நிறை வேண்டும். தன் பாதையின் அக்கம்பக்கத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். புளூட்டோவுக்கு மூன்றாவது இல்லை, ஆகவே அது குறுங்கோள். கோள்கள் எட்டு.

குறுங்கோளையும் சிறுகோளையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பெருங்கூட்டமாகச் சுற்றும் பாறைகள் சிறுகோள்கள். அந்தக் கூட்டத்திலேயே மிகப் பெரிய சீரிஸ் மட்டும் உருண்டையாக இருப்பதால் குறுங்கோள் பட்டியலிலும் இருக்கிறது. வேறு விண்மீன்களைச் சுற்றுபவை புறக்கோள்கள். ஞாயிறு போன்ற விண்மீன் ஒன்றைச் சுற்றும் முதல் புறக்கோளை 1995-இல் மேயரும் கெலோவும் அறிவித்தார்கள், 2019-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று உறுதி செய்யப்பட்டவை 5000-க்கும் மேல்.

துணைக்கோள் மிகப் பொருத்தமான ஆக்கம். லத்தீனில் 'சட்டெல்லெஸ்' என்றால் உடன்செல்லும் காவலர். வியாழனின் நிலாக்களுக்குக் கெப்ளர் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார். 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் மேலே போன பிறகு மனிதர் செய்ததற்கும் பெயர் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அது செயற்கைக்கோள், இலங்கையில் செய்மதி. செய்யப்பட்ட நிலா என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடுகிறது. எனக்குச் செய்மதிதான் கூடுதல் பிடித்தம். செயற்கைக்கோள் ஞாயிற்றைச் சுற்றாமல் பூமியைச் சுற்றுவதால் கோள் என்பதைவிட மதி என்பதே அதன் வேலையைச் சரியாகச் சொல்கிறது. செய்மதி என்ற சொல் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் அடைப்புக்குறிக்குள்ளாவது இடம் பெறட்டும்.

விண்வெளிப் பயணத்துக்கும் கோள்மீனின் இந்த இடமாற்றம்தான் முதல் பாடம். மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. கிளம்பும் நாளில் செவ்வாய் இருந்த இடத்தைக் குறிவைத்திருந்தால் அங்கே வெற்று வெளிதான் இருந்திருக்கும். பத்து மாதம் கழித்து அது எங்கே வந்து நிற்கும் என்று கணக்கிட்டு அந்த இடத்துக்கு அனுப்பினார்கள். பூமியும் செவ்வாயும் அதற்கு வசதியாக அமைவது ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ளகரம். செயற்கைக்கோல், துணைக்கோல் என்று எழுதினால் அது கம்பு ஆகிவிடும்; அளவுகோலில் இருப்பதுதான் அந்தக் கோல். சென்னைக் கோட்டூர்புரத்தில் இருப்பது கோளரங்கம், கோலரங்கம் அல்ல. கிரகம் என்ற சொல்லைத் தவறென்று அடிக்க வேண்டியதில்லை. ஜாதகத்திலும் கோயில் நவக்கிரகத்திலும் அது அதன் இடத்தில் இருக்கட்டும். அறிவியல் விடைத்தாளில் மட்டும் கோள் என்றே எழுதுங்கள். ராகுவும் கேதுவும் கிரகங்கள், ஆனால் கோள்கள் அல்ல. பூமி கோள், ஆனால் நவக்கிரகத்தில் அதற்கு இடமில்லை.