பிளேட்லெட்டை விடுங்கள், காய்ச்சலைப் பாருங்கள்

சம்பா நடவோடு எங்கள் பக்கம் காய்ச்சலும் தொடங்கிவிடும். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வயல்வேலை செய்யும் ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். ஆறு நாள் காய்ச்சல், பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்கள்) 42,000-க்கு இறங்கியிருந்தது. மகன் கையில் லேப் ரிப்போர்ட்டும் பப்பாளி இலைச் சாறும். "டெங்குதான் சார், கவுண்ட்டை மட்டும் ஏத்திவிடுங்க." டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். பாவாடை நாடா கட்டும் இடத்தில், பீடி சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு. உண்ணிக்காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்); அந்தப் பொருக்கு உண்ணி கடித்த தடம். அதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

பிளேட்லெட் குறைந்தாலே டெங்கு என்று யார் கிளப்பிவிட்டார்களோ! எலிக்காய்ச்சலில் குறையும், மலேரியாவில் குறையும், ரத்தத்தில் பரவிய எந்தக் கிருமித்தொற்றிலும் குறையலாம். ரத்தம் உறைவது காயத்தை அடைக்க மட்டும் அல்ல. கிருமி நுழைந்தாலும் அதே ஏற்பாடுதான் முடுக்கிவிடப்படுகிறது. த்ராம்பின் என்ற புரதம் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக்கும்; கிருமிகள் அதில் சிக்கும். கிருமியை எதிர்த்து உடல் காட்டும் வீக்கமும் சூடுமான அழற்சியையும் த்ராம்பின் தூண்டிவிடும். இந்த இழைகளைக் கரைக்க வழி செய்துகொள்ளவே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஸ்ட்ரெப்டோகைனேஸைச் சுரக்கிறது. (மாரடைப்பில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க டாக்டர்கள் நாங்கள் போட்ட ஊசி அதுதான்.)

தொற்று முற்றினால் இந்த உறைதல் கட்டுமீறும். உறைதலை அடக்கிவைக்கும் புரதம் சி குறைந்துபோகும். சிறு ரத்தநாளங்களில் ரத்தக்கட்டிகள் அடைத்து சிறுநீரகமும் நுரையீரலும் தடுமாறும். பிளேட்லெட்டும் உறையவைக்கும் புரதங்களும் அதிலேயே செலவாகிவிடுவதால், அதே ஆளுக்கு ஈறிலும் ரத்தம் கசியும். ஆக, கவுண்ட் குறைவது விளைவு. கிருமியை விட்டுவிட்டு எண்ணிக்கையைத் துரத்தினால் நாள்தான் போகும். உண்ணிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் மலிவான மாத்திரை. நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும்.

சரி, என்ன செய்வது? மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் டாக்டரிடம் போங்கள், வயலில் இறங்கியதைச் சொல்லுங்கள். மெடிக்கல் ஷாப்பில் வலி ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது. பிளேட்லெட் குறைந்தவருக்கு ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். சேற்றுப்புண்ணோடு தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமிக்கு அதுதான் வாசல். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவேண்டாம். டாக்டரிடம் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள்.

அப்புறம், அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு: இந்த இடங்களில் பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், நர்ஸம்மாவிடமாவது. மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பேச்சு குழறினாலோ, அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.